அம்மா குடிக்காத தண்ணீர்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித் தொடங்கிப் பழகிய கை இது. இன்றைக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. நீயும் நலமாக இல்லை, நானும் இல்லை, அது நம் இரண்டு பேருக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பீனிக்ஸிலிருந்து போன் எடுத்து, எமிலியிடம் கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "அம்மாவை மலையில நடத்திக் கொண்டுபோய்ச் சாகடிச்சவன் நான். எனக்கு என்ன கலியாணம், அப்பா?" என்றாய். அதற்கு நான் சொன்ன பதில், "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்பது. அறுபத்தாறு வயது மனிதன், பெற்ற பிள்ளை அப்படிக் கேட்கும்போது சொல்கிற பதிலா அது? போனை வைத்துவிட்டுக் குசினியில் நெடுநேரம் நின்றேன். பிறகு அழுதேன்.

நீ அம்மாவைச் சாகடிக்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுவதும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதின்மூன்று மாதமாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் போடுகிற அன்றே, நம்முடைய ஆட்கள் இங்கே நடத்துகிற மாதப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். குடும்ப விஷயத்தை ஏன் சந்திக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று நீ கேட்பாய். சந்தியில்தானே உன்னைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உனக்கு மட்டும் எழுதினால் பாதிப் பொய் அப்படியே மிஞ்சிவிடும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. ஆங்கிலத்துக்கு மாற்றித் தரச்சொல்லி யாரிடமும் கொடுக்காதே. இதை எழுதவும் எனக்கு மெதுவாகத்தான் வருகிறது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளைக்காரர் முன்னால் நின்றால் எதற்கும் ஓம் என்று சொல்லிவிடுகிற வியாதி. உனக்கு எட்டு வயதில், உன் வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் அப்போது மொன்றியல் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்தக் குசினியின் வசவுகள் மட்டும்தான். ரீச்சர் பேசி முடிக்க முடிக்க "உய், உய், மெர்சி" என்று தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். மூன்று கிழமை கழித்துப் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கிறது. பனிக்காட்டுக்குள் மூன்று இரவு தங்கும் முகாமுக்கு நான் உன்னைக் கொடுத்திருக்கிறேன். நீ யன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு போனாய். அம்மா வாசலிலேயே நின்று அழுதார். "விளங்கேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பீங்கள்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். நீ மூக்குச் சிவந்து, தடிமனோடு திரும்பி வந்து, அதைப் பெரிய சாகசமாக எல்லோருக்கும் சொன்னபடியால் நான் தப்பினேன். அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவேயில்லை.

போன வருஷம் எமிலியின் தாய் தகப்பனைப் பார்க்க நாங்கள் உன்னிடம் வந்தோம். கலியாணத்துக்கு நாள் வைக்கிற பயணம். எமிலியின் தகப்பன் அந்தப் பாலைவன மலையில் கிழமைக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறவர் என்றும், சனிக்கிழமை எல்லோருமாக உச்சிக்குப் போவோம் என்று அவர் ஆசைப்படுகிறார் என்றும் நீ முன்னமே சொல்லியிருந்தாய். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூட. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் முழுவதும், எங்கள் வீடு இருக்கிற கோட்-டெ-நெய்ஜில் இருந்து அம்மாவையும் இழுத்துக்கொண்டு பின்னேரங்களில் மவுண்ட் றோயல் மலைப் படியெல்லாம் ஏறினேன். அம்மா தான் வேலை செய்த கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் குசினியில், நாள் முழுக்க நின்று சமைத்துவிட்டு வந்து, சுரிதாருக்குக் கீழே புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னை முந்தி ஏறுவார். "சம்பந்தி முன்னால மூச்சு வாங்கிப் போடாதேங்கோ" என்று என்னை நக்கலடிப்பார். அவருக்கு உடம்பில் பலம் இருந்தது. அதை நீ நம்பவேண்டும். பலமில்லாத மனுசியை நீ மலைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து உன் சின்னம்மா அம்மாவுக்குப் போன் எடுத்தார். கதையோடு கதையாக, "நாளைக்குச் சித்திரைப் பறுவமெல்லோ அக்கா, விரதம் நினைவிருக்கோ?" என்று கேட்டாராம். தாயை இழந்தவர்கள் தாய்க்காகப் பிடிக்கிற பௌர்ணமி விரதம் அது. மத்தியானம் சமைத்துப் படைக்கும்வரை சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள், அம்மா அதுவும் குடிக்கமாட்டார். ஏனென்று உனக்குத் தெரியாது. அவருடைய தாய் இறந்தபோது எங்களுக்கு இங்கே தங்குவதற்கான பத்திரம் கிடைத்திருக்கவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. நீ வயிற்றில் ஐந்து மாதம். செத்தவீடு நடந்து முடிந்த பிறகுதான் செய்தியே வந்தது. "நான் என்ர அம்மாவுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடேல்லை" என்று வருஷா வருஷம் அந்த நாளில் மட்டும் சொல்வார். அந்த ஒரு நாளைத்தான் அவர் தாய்க்குக் கொடுத்து வந்தார். உனக்கு அம்மாவின் வெள்ளி, சஷ்டி, கௌரி எல்லாம் ஒரே விரதம்தான், உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு இது எது என்று தெரியும்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் அம்மா உடுப்பை மடித்துக்கொண்டே, "இஞ்சருங்கோ, தம்பியிட்டச் சொல்லுங்கோ, மலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தட்டும். இல்லாட்டி நான் வீட்டில நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். எவ்வளவு சின்ன விஷயம், பார். அடுத்த அறையில்தான் நீ இருந்தாய். எழும்பிப் பத்தடி நடந்து வந்து சொல்லியிருந்தால் நீ சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பாய். எமிலியும் மாற்றியிருப்பாள், அவள் நல்ல பிள்ளை. நான் சொன்னது இது: "அந்த மனுசன் எல்லாம் ஆயத்தப்படுத்தி வைச்சிருக்கு. முதல் முதல் வந்த இடத்தில விரதம் கிரதம் எண்டு சொல்லிப் பெடியனை வெட்கப்படுத்தாதையும். விடிய அஞ்சுக்கு ஏறினால் ஒம்பதுக்கு வீட்டில நிப்பம். பேந்து சமைச்சுப் படையும்." அம்மா மடித்த உடுப்பைப் பெட்டியில் வைத்தார். பிறகு, "சரி, நீங்கள் சொன்னால் சரிதானே" என்றார். அந்த "சரி"யில் சம்மதம் இருக்கவில்லை. அது எனக்கு அப்போதே கேட்டது.

ஏறத் தொடங்கும்போது முழு நிலா மேற்குப் பக்கத்து மலைக்கு மேல் இன்னும் நின்றது. ஆளைவிட உயரமான கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா அதைப் பார்த்து, "பொலிஸ் பிடிச்ச ஆக்கள் மாதிரி நிக்குதுகள்" என்றார். நீ அதை எமிலிக்கு மொழிபெயர்த்தாய், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் தந்து, கால் மணிக்கு ஒருதரம் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள் என்று மூன்று தரம் சொன்னாய். நாங்கள் நின்ற இடத்திலெல்லாம் அம்மா மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டு மூடினார். தண்ணீர் குறையவில்லை. பின்னால் நடந்த எனக்கு அது தெரிந்தது. பாதை வளைந்து வளைந்து போனது, காலடியில் சரளைக்கல் உருண்டது. ஏழு மணிக்கே வெயில் சுட்டது. சம்பந்தி இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு ஆடு ஏறுவதுபோல் ஏறினார். நான் அவருடைய குதிக்காலையே பார்த்துக்கொண்டு, விடக்கூடாது என்று ஏறினேன்.

பாதி தாண்டி ஒரு பாறை நிழலில் எல்லோரும் இருந்தோம். அம்மாவின் முகம் கறுத்திருந்தது. நீ தூரத்தில் நின்று, "அப்பா, அம்மா தண்ணி குடிக்கிறாவா?" என்று கேட்டாய்.

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் பிரெப்போசேயாக வேலை செய்தவன். நோயாளியைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, வண்டியில் தள்ளிக்கொண்டு போவது. அதோடு, கட்டில் காலடியில் தொங்குகிற தாளில் இன்னார் இவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எழுதுவதும் என் வேலை. குடிக்காத கிழவிகளின் பக்கத்தில் இருந்து, பகிடி விட்டு, தேக்கரண்டியால் பருக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் எழுதுவேன். ஒருநாளும் பொய்யாக எழுதியதில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் உடம்பு என்ன செய்யும் என்று அந்த மலையில் நின்ற எல்லோரிலும் எனக்குத்தான் கூடத் தெரியும். நீ கேட்டாய், சம்பந்தியும் திரும்பிப் பார்த்தார். நான், "ஓம் ஓம், குடிச்சுக்கொண்டுதான் வாறா" என்றேன். சம்பந்தி பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கிக் காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

உச்சிக்குக் கிட்டத்தில் அம்மா நின்று, "போதும் தம்பி, நான் இதில இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். "இன்னும் கால் மணித்தியாலம்தான் அம்மா, இவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்" என்று நீ கையைக் கொடுத்தாய். அந்த ஒரு வசனத்தைத்தான் நீ பதின்மூன்று மாதமாக நெஞ்சில் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்துக்கொண்டு வருகிறார் என்று நீ நம்பிய மனுசிக்குச் சொன்ன வசனம் அது. நீ கண்ணால் கண்டதையும் தகப்பன் சொன்னதையும் வைத்துச் சொன்னாய். யார் என்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். கொழுக்கட்டை அடைத்த வாயோடு நின்றேன். உச்சி தெரிந்தது, சம்பந்தி அதில் ஏறி நின்று கையைக் காட்டினார், நானும் போகவேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

மேலே போய் அம்மா சந்தோஷமாக இருந்தார். இதை உன் மனம் ஆறவேண்டும் என்று கட்டிச் சொல்லவில்லை, நடந்தது. "ஒரு மரம் மட்டை இல்லை, ஆனா வடிவாத்தான் கிடக்கு" என்றார். நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து, "அம்மாவை நினைச்சனான். இவ்வளவு உயரத்தில வந்து ஒருநாளும் நினைச்சதில்லை" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் படத்தை நீ இன்றுவரை திறந்து பார்க்கவில்லை என்று எமிலி சொன்னாள். பார், தம்பி. உன் அம்மா அதில் உண்மையாகத்தான் சிரிக்கிறார்.

இறங்கும்போது நடந்ததை நீயும் கண்டாய். ஒன்பதுக்கு வீட்டில் நிற்போம் என்றவன் நான், பத்தாகியும் பாதி இறங்கவில்லை. அம்மாவுக்கு வியர்வை நின்றுவிட்டது, தோல் சுட்டது. இருந்த இடத்திலிருந்து, "அடுப்பை நிப்பாட்டினீங்களோ?" என்று என்னைக் கேட்டார். நீ கைபேசிக்குச் சிக்னல் தேடித் திரும்ப மேலே ஓடினாய். சம்பந்தி ஆள் கூப்பிடக் கீழே ஓடினார். எமிலி தன் போத்தலை அம்மாவின் தலையில் ஊற்றித் தொப்பியால் விசிறினாள். நீ காணாதது இதுதான். நான் அம்மாவின் வாயில் போத்தலை வைத்து, "விரதம் முறிஞ்சால் முறியட்டும், குடியும், கும்பிட்டுக் கேக்கிறன், குடியும்" என்று கத்தினேன். எமிலிக்கு விளங்கவில்லை. அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, "இன்னும் மத்தியானம் ஆகேல்லை" என்றார். தேக்கரண்டியால் எத்தனையோ பேருக்குப் பருக்கிய கை இது, அவருக்கு ஒரு மிடறு பருக்க முடியவில்லை. தண்ணீர் அவருடைய நாடியால் வழிந்து கழுத்தில் ஓடியது. நீ திரும்பி வரும்போது அவர் மயங்கிவிட்டார்.

ஹெலிகொப்ரரில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். "இரண்டு போத்தல், அப்பா பக்கத்திலேயே இருந்தவர்" என்று நீ சொன்னாய். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அவர்கள் இரத்தத்தைப் பார்த்து உண்மையை அறிந்திருப்பார்கள், வைத்தியம் என் பொய்யால் பிழையாகிவிடவில்லை. என் பாவமும் அதனால் குறையவில்லை. இரண்டாம் நாள் அம்மா போய்விட்டார். நீ தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்று அழுதாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்து, "அப்பிடிச் சொல்லாதை ராசா" என்றேன். எல்லோரும் அதைத் தகப்பனின் பெருந்தன்மை என்று நினைத்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்பார்கள். மறைக்கலாம், தம்பி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சோறு கூடப் போட்டுக்கொண்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். தாய்க்காகப் பிள்ளை பிடிக்கிற அந்த விரதம் இந்த வருஷம் உனக்கும் வந்தது. நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ கலண்டரைப் பார்ப்பாய், அம்மாவை மலையேற்றிய நாளும் அதே விரத நாள்தான் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். உன் அம்மா தன் உயிரைக் கொடுத்துக் காத்த நாளை, என் தோலைக் காக்க உன்னிடமிருந்து ஒளித்தேன். அம்மாவின் முதலாம் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு நீ மொன்றியல் வந்து நின்றபோது, பந்தியில் ஒரு மனுசி, "வயசுபோன தாயை மலையில ஏத்திற பிள்ளையளும் இருக்கினம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நீ பாயசச் சட்டியோடு பின்னால் நின்றாய். சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் அந்த மனுசிக்கு இன்னொரு கரண்டி சாம்பார் விட்டேன். இப்போது அவரும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தகப்பன் எழுதுகிற கடிதம், ஒன்றிரண்டு சொல்லித்தான் ஆகவேண்டும். எமிலி வீட்டாரிடம் வெட்கப்படாதே. இன்றைக்கு எனக்கு இது ஆகாது, இது எங்கள் வழக்கம் என்று சொன்னால் மனிதர்கள் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வழிவிடுவார்கள். நான் நினைத்த அளவுக்கு யாரும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவளும் நீயும் தனியாக இருக்கும்போது அவள் ஒரு விஷயம் மெதுவாகச் சொன்னால், அதை மற்றவர்கள் முன்னால் உரத்துச் சொல்வது உன் வேலை. எனக்கு முப்பத்தைந்து வருஷம் அந்த வேலை தரப்பட்டிருந்தது, நான் செய்யவில்லை. விரதம் பிடிப்பதும் விடுவதும் உன் விருப்பம். பிடித்தால் தண்ணீர் குடித்துப் பிடி. நேற்று எமிலிக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவையும் சொன்னேன். அவள் நெடுநேரம் அழுதாள். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. "நான் அவருக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் முதல்நாள் இரவு நீ கோப்பி வாங்கப் போன நேரம் அம்மாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விரதக் கதையைத் தம்பியிட்டச் சொல்லாதேங்கோ" என்றார். "அவன் உங்களோட கோவிப்பான். நான் இல்லாட்டி உங்களுக்கு அவன் மட்டும்தானே." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. செத்துக்கொண்டிருக்கும்போதும் அவர் யோசித்தது, நான் தனித்துப் போவேனே என்றுதான். அம்மா கேட்ட கடைசி விஷயம், மீறக்கூடாது என்று சொல்லிச் சொல்லி நான் இவ்வளவு நாளும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். நீ அங்கே தனியாகச் சாவதைப் பார்த்துக்கொண்டும் ஒளிந்திருந்தேன். இன்றைக்கு அதை மீறிவிட்டேன். நீ உன்மேல் வைத்திருக்கிற கோபம் உன்னுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது, என்னிடம் தந்துவிடு. போன் எடுத்து ஏசு, இல்லாவிட்டால் வந்து முகத்துக்கு நேரே நின்று ஏசு. ஏசி முடிந்தபிறகு நான் உனக்கு வேண்டாம் என்றால், அதற்கும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா காப்பாற்றி வைத்திருந்த
அப்பா